ஈரலைக் காப்பது டானிக் பாட்டிலா?



போன மாதம் பெருங்களத்தூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேச ஆரம்பித்ததும் மூணு பேர் ஒரே காரணம் சொல்லிக் கடன் கேட்டார்கள். "ஈரலுக்கு டானிக்குங்க. ஆன்டி ஆக்சிடன்ட் இருக்காம். எந்த விஷத்தையும் முறிச்சிடுமாம்." பாட்டில் 1,200 ரூபாய். வீடு வீடாக வந்து விற்றிருக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

மாத்திரை, சாராயம், தெரியாமல் உள்ளே போகிற ரசாயனம் எல்லாவற்றையும் உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். உடைக்கும்போது சில சமயம் முன்பைவிட மோசமான பொருள் உண்டாகும். அதை அடக்க ஈரலே குளுட்டாதயோன் என்ற ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதுதான் நம் உடம்பின் சொந்த ஆன்டி ஆக்சிடன்ட். அது தீர்ந்துபோனால் ஈரல் செல்கள் சாக ஆரம்பிக்கும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் பாராசிட்டமால். டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் பெயர்தான் வேறு, மருந்து ஒண்ணுதான். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது. காய்ச்சல் விடவில்லை என்று ரெண்டு கடையில் ரெண்டு பெயரில் வாங்கிப் போட்டால் கணக்கு தெரியாமல் கூடிவிடும். சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் குளுட்டாதயோன் இருப்பு குறைவு. அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் ஆபத்து.

இதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. பெயர் என்-அசிட்டைல் சிஸ்டீன். தீர்ந்த குளுட்டாதயோனை ஈரல் திரும்பத் தயாரிக்க இது உதவுகிறது. அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அநேகமாக ஈரல் தப்பிவிடும். விஷத்துக்கு எதிராக நிரூபணமான ஆன்டி ஆக்சிடன்ட் சிகிச்சை என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

"அப்போ கீழாநெல்லி?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் மஞ்சள் காமாலை பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அதுவும் வைரஸுக்கு, விஷத்துக்கு இல்லை. விஷத்துக்கு மூலிகை பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் கூண்டு எலிகளிடம் நடந்தவை. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தால் எலியின் ஈரலைக் கெடுத்துப் பார்ப்பார்கள். பல ஆய்வுகளில் மூலிகையை விஷத்துக்கு முன்னாடியே கொடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் விஷம் சொல்லிவிட்டா வருது? சித்த வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே டாக்டரைப் பாருங்கள். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை தினமும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. விஷ முறிவு என்று நம்பாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸும் ஈரலைத்தான் தாக்குகிறது. தமிழ்நாட்டில் பல உயிர்களைக் குடித்ததால் அரசு இதன் விற்பனைக்குத் தடை போட்டது. பழைய டியூப் பரணில் கிடக்கலாம், பிள்ளைகள் பற்பசை என்று எடுத்துவிடும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. என்-அசிட்டைல் சிஸ்டீனைத் துணை மருந்தாகத்தான் கொடுக்கிறார்கள். முதல் நாள் வாந்தி எடுத்தவர், மறுநாள் நன்றாக எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். மூணாம் நாள் கண் மஞ்சளாகும். பாராசிட்டமாலிலும் இதே கதைதான். அதனால் வாந்தி எடுக்க வைக்காமல், கஷாயம் கொடுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையோ டியூபையோ கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் போகச் சொல்லும்வரை வீட்டுக்கு வராதீர்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து பேசினால் 14416-க்குப் பேச வையுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

டானிக் கடனைக் குழு அன்றைக்குக் கொடுக்கவில்லை. கேட்ட மூவரில் ஒருவருக்கு ரெண்டு மாதமாகப் பசியில்லையாம், அதனால்தான் டானிக் கேட்டாராம். மறுநாள் ஊக்குநர் அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். பஸ் செலவு குழுக் கணக்கில் எழுதப்பட்டது.