குளத்து நத்தை: வாத்துக்குத் தீனி, மாட்டுக்குப் பகை

மழை ஓய்ந்து குளத்து நீர் உள்வாங்கும்போது கரையோரம் பச்சைப் பசேலென்று புல் முளைக்கிறது. வேறு மேய்ச்சல் இல்லாத விவசாயி மாட்டையும் ஆட்டையும் அங்கே ஓட்டிவிடுகிறார். சில வாரங்கள் கழித்து மாடு மெலிகிறது, பால் குறைகிறது, கீழ்த்தாடையில் நீர் கோத்துப் பை போல் தொங்குகிறது. தீனி போதவில்லை என்று எண்ணிப் பிண்ணாக்கைக் கூட்டினாலும் பயன் இருப்பதில்லை. காரணம், குளத்தில் மீனோடும் வாத்தோடும் வாழும் சிறு நத்தைகளில் இருக்கலாம்.

எல்லா நத்தையும் ஒன்றல்ல

வயலிலும் குளத்திலும் காணும் பெரிய உருண்டை நத்தைக்கு ஓட்டின் வாயை அடைக்கும் மூடி உண்டு. கோடையில் இது சேற்றுக்குள் புதைந்து, மூடியை அடைத்துக்கொண்டு அடுத்த மழை வரை உயிரோடு கிடக்கும். கால்நடைகளின் ஈரல் புழுவை இது பரப்புவதில்லை.

கவனிக்க வேண்டியவை மூடியில்லாத சிறு நத்தைகள். அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மெல்லிய ஓடும் காது போல் அகன்ற வாயும் கொண்ட வெளிர் பழுப்பு நத்தை. இது ஈரல் தட்டைப்புழுவைப் பரப்புகிறது. மற்றொன்று, முறுக்கைப் போல் தட்டையாகச் சுருண்ட கரும்பழுப்பு நத்தை. இது இரைப்பைத் தட்டைப்புழுவையும், மாட்டுக்குக் குறட்டை நோய் தரும் மூக்குப் புழுவையும் பரப்புகிறது. சென்னை மாகாணத்து மாடுகளில் காணப்பட்ட அந்த மூக்குப் புழுவை அனந்தநாராயண ராவ் என்ற ஆராய்ச்சியாளர் 1933-ல் விவரித்தார்.

புழு பரவும் விதம்

ஈரல் புழு 2.5 முதல் 7.5 செ.மீ. வரை நீளமுள்ளது, இலை போன்றது. மாட்டின் பித்தக் குழாயில் தங்கி முட்டையிடுகிறது. முட்டை சாணத்தோடு வெளியேறி, நீரில் பொரிக்கிறது. வெளிவரும் குஞ்சு சுமார் ஒரு நாளைக்குள் தக்க நத்தையைத் துளைத்து உட்புக வேண்டும், இல்லையேல் மடியும். நத்தைக்குள் ஒரு குஞ்சு நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. பிறகு அவை நீந்தி வெளிவந்து, புல்லிலும் நெற்பயிரின் அடித்தாளிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கின்றன. அதை மேயும் மாட்டின் ஈரலுக்குப் புழு போய்ச் சேர்கிறது.

மூக்குப் புழுவோ மேய்ச்சலுக்குக் காத்திராது. நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்தே நுழைந்துவிடும். ஆக, சாணம், நீர், நத்தை, கால்நடை ஆகிய நான்கும் சேரும் இடத்தில்தான் நோய் வளர்கிறது. இவற்றில் ஒன்றை விலக்கினாலும் சங்கிலி அறுந்துவிடும்.

மீனும் வாத்தும் துணை

நத்தைகளுக்குப் புகலிடம் நீர்ப்பூண்டுகள். புல்கெண்டை பூண்டைத் தின்று புகலிடத்தைக் குறைக்கிறது. சாதாக் கெண்டை குளத்தடியைக் கிளறிச் சிறு நத்தைகளையும் தின்கிறது.

வாத்து நத்தையை விரும்பித் தின்னும். மீன் குளத்தில் எக்டருக்கு 200 முதல் 300 வாத்துகள் வரை விடலாம். மீன்குஞ்சுகள் 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிறகே வாத்தை இறக்க வேண்டும். சிறு குஞ்சுகளானால் வாத்துக்கே இரையாகிவிடும். பப்பாளித் தண்டையோ முட்டைக்கோசு இலையையோ மாலையில் நீரோரம் போட்டு வைத்தால் நத்தைகள் அதில் வந்து மொய்க்கும். காலையில் பொறுக்கி, நசுக்கி வாத்துக்கு இடலாம்.

மயில்துத்தம் நத்தையைக் கொல்லும்; மீனையும் கொல்லும். ஆகவே மீன் குளத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கால்நடையைக் காக்க

1. மாட்டைக் குளத்தில் இறக்காமல், நீரை இறைத்துத் தொட்டியில் காட்ட வேண்டும்.

2. பச்சைச் சாணத்தைக் குளத்திலோ நீர் நிற்கும் வயலிலோ இடக் கூடாது. குப்பைக் குழியில் மக்கும்போது எழும் வெப்பத்தில் புழு முட்டைகள் அழிகின்றன.

3. நீர் நின்ற வயலின் ஈர வைக்கோலை உடனே தீனியாக இடக் கூடாது. நன்றாகக் காய்ந்து, சில வாரங்கள் போரில் கிடந்தபின் கொடுப்பது நல்லது.

4. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கால்நடை மருந்தகத்தில் சாணத்தைப் பரிசோதிக்க வேண்டும். உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் எல்லா மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. ஆக்ஸிகுளோசனைடு, ட்ரைக்ளபெண்டசோல் போன்றவற்றை மருத்துவர் சொல்லும் அளவிலேயே கொடுக்க வேண்டும். கறவை மாடு, சினை மாடு என்றால் அதை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.

தொட்டி நத்தையைக் கொட்டாதீர்

அலங்கார மீன் வளர்ப்போர் தொட்டிக்கு வாங்கும் நீர்ச்செடிகளின் இலையடியில் நத்தை முட்டைகள் பசை போல் ஒட்டி வரும். மூடியில்லாத சிறு நத்தைகளில் ஆண், பெண் என்ற பிரிவில்லை; ஒன்றே போதும், தொட்டி முழுவதும் பெருகிவிடும். வேண்டாத நத்தையை வாய்க்காலில் கொட்டுவது பெருந்தவறு. தென்னமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. விலை போகாமல் கைவிடப்பட்டவை நீர்நிலைகளில் பரவின. பின்னர் பிலிப்பைன்சு உள்ளிட்ட பல நாடுகளிலும் இளநாற்றைத் தின்று தீர்க்கும் பகையாகிவிட்டது. நம் ஊர்ப் பெரிய நத்தை கரையோர ஈர மண்ணில் வெள்ளை முட்டையிடும். அந்த அயல் நத்தையோ நீருக்கு மேல் செடித் தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தை ஒட்டி வைக்கும். அப்படி எதையேனும் கண்டால் வேளாண்மை அலுவலருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

குளத்தில் நத்தை இல்லாமல் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. நத்தையை வாத்துக்கும் மீனுக்கும் விட்டுவிட்டு, மாட்டையும் சாணத்தையும் கரைக்கு வெளியே நிறுத்தினால் மீனும் கிடைக்கும், முட்டையும் கிடைக்கும், பாலும் குறையாது.