மூலக்கூற்றுப் போலி

நுழையும்முன்

நோய் தீர்க்கும் ஆற்றலுடைய மூலக்கூறுகள் பல இயற்கையில் உள்ளன. ஆயினும் அவற்றை அப்படியே உட்கொள்ள இயல்வதில்லை. அவற்றைப் போலவே செயற்படும் வேறு மூலக்கூறுகளை வடிவமைப்பது இக்கால மருந்தியலின் பெருமுயற்சிகளுள் ஒன்றாகும். அம்முயற்சியையும், அதற்குத் துணைநிற்கும் தமிழகத்து ஆய்வு ஒன்றையும் இப்பாடம் விளக்குகிறது.

நஞ்சில் கிடைத்த விடை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலைக்கொல்லைகளில் உழைப்போர் கண்ணாடி விரியனை நன்கு அறிவர். அதன் கடி உயிரைப் பறிக்கும் என்பதையும் அறிவர். விரியன் இனத்தைச் சேர்ந்த ஜராராக்கா என்னும் பாம்பு பிரேசில் நாட்டில் வாழ்கிறது. அதன் கடிக்கு ஆளானவரின் இரத்த அழுத்தம் கடுமையாகத் தாழ்ந்துவிடும். உயிரைக் குடிக்கும் இத்தன்மையையே உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்தாக்க முடியுமா?

நம் உடலில் பிராடிகைனின் என்னும் பெப்டைடு இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. ஒரு நொதி அதனைச் சிதைக்கிறது. அந்நொதியே குழாய்களைச் சுருக்கும் மற்றொரு பெப்டைடையும் உருவாக்குகிறது. ஜராராக்காவின் நஞ்சில் பிராடிகைனினின் செயலை வலுப்படுத்தும் பொருள் இருப்பதை, 1965இல் பிரேசில் அறிவியலறிஞர் செர்ஜியோ ஃபெரெய்ரா வெளிப்படுத்தினார். அந்நஞ்சிலுள்ள பெப்டைடுகள் மேற்கூறிய நொதியைத் தடுக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பெப்டைடின் குறைகள்

அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் இணைந்தால் அது பெப்டைடு. நீண்டு மடிந்த சங்கிலி புரதம். நாம் உண்ணும் பருப்பிலுள்ள புரதத்தைச் செரிக்கும் நொதிகள், மருந்தாக விழுங்கும் பெப்டைடையும் உணவென்றே கருதித் துண்டாக்கிவிடும். நஞ்சிலிருந்து கண்டறியப்பட்ட ஒன்பது அமினோ அமிலங்களாலான டெப்ரோடைடு, இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால், ஊசிவழியே மட்டும் செலுத்த வேண்டியிருந்தது. நாள்தோறும் மருந்து தேவைப்படுவோர்க்கு அது பயன்படவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. நெகிழ்வான பெப்டைடு பல வடிவங்களில் வளையும். அவற்றுள் இலக்கோடு பொருந்தும் வடிவமே பயன்தரும். எனவே, எவ்வடிவங்கள் இயலும், எவை இயலா என அறிவது இன்றியமையாதது.

சென்னையில் பிறந்த வரைபடம்

அவ்வறிவைத் தந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த அவர், 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று முன்மொழிந்தார். அவர் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் குறை கூறினர்.

அக்குறையை இராமச்சந்திரன் ஆய்வு வினாவாக மாற்றிக்கொண்டார்: அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் கணக்கிட்ட முடிவுகள் 1963இல் வெளிவந்தன. பெப்டைடு பிணைப்பு விறைப்பானது. அதன் இருபுறமுள்ள பிணைப்புகள் சுழல வல்லவை. அச்சுழற்சிக் கோணங்களுள் பெரும்பாலானவற்றில் அணுக்கள் மோதிக்கொள்ளும். மோதாத கோணங்களைக் காட்டும் படமே 'இராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகள் இதனைக் கொண்டு சரிபார்க்கப்படுகின்றன.

எழுத்து மாறினும் பொருள் மாறாது

'அறம்' என்பது 'அறன்' என வரினும் பொருள் மாறுவதில்லை. இதனை இலக்கணம் 'போலி' என்கிறது. மருந்து வடிவமைப்பும் இவ்வாறே அமைகிறது. பெப்டைடின் செயலுக்கு இன்றியமையாத உறுப்புகளை நிறுத்திக்கொண்டு, நொதிகள் வெட்டும் இடங்களை வேதியியலறிஞர் மாற்றி அமைக்கின்றனர். சில வேளைகளில் சங்கிலியை வளையமாக்குவர்; சில வேளைகளில் பிணைப்பையே வேறொன்றாக மாற்றுவர். இங்குப் 'போலி' என்பது ஏமாற்றுவதற்காகச் செய்யப்படும் கள்ள மருந்தைக் குறிப்பதன்று.

அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் பணியாற்றிய மிகுவேல் ஒண்டெட்டி, டேவிட் குஷ்மன் ஆகியோர், நஞ்சுப் பெப்டைடின் இறுதியிலுள்ள புரோலினைத் தக்கவைத்துக்கொண்டனர். நொதியின் நடுவிலுள்ள துத்தநாக அயனியைப் பற்றிக்கொள்ள, கந்தகம் உள்ள ஒரு தொகுதியைச் சேர்த்தனர். 1975இல் உருவான இம்மூலக்கூறே கேப்டோப்ரில். விழுங்கத்தக்க இம்மாத்திரை 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் வழிவந்த எனலாப்ரில், உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பிராடிகைனின் சிதையாமல் மிகுவதால் சிலருக்கு வறட்டு இருமல் தோன்றுவதுண்டு. ஆதலின் மருத்துவரின் அறிவுரையின்றி இவற்றை உட்கொள்ளலாகாது.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பக்கவாதம் வந்து குடும்பத்தின் உழைப்பாளி ஒருவர் படுக்கையில் வீழ்ந்தபின் வருந்துவதைவிட, முன்னரே அளந்தறிந்து மாத்திரை உட்கொள்வது நன்று. 1965இல் நஞ்சில் கண்ட உண்மை 1981இல்தான் மாத்திரையாயிற்று. அப்பதினாறு ஆண்டு உழைப்பின் பயன், நோயர் அம்மாத்திரையைத் தவறாது உட்கொள்ளும்போதே நிறைவுறும்.

தெரியுமா?

அலனின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு ஹைட்ரஜனுக்கு மாற்றாக மெத்தில் தொகுதியை வைத்தால், அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம் கிடைக்கும். இராமச்சந்திரன் வரைபடத்தில் இதற்குரிய இடம் மிகச் சிறியது. எனவே பெப்டைடு தளராமல் சுருள் வடிவில் நிற்கும். இதனைப் பற்றிப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பி. பலராம் விரிவாக ஆராய்ந்தார். நீரிழிவு மருந்தான செமாகுளூடைடில், தொடக்கத்திலிருந்து இரண்டாம் இடத்தில் இவ்வமிலமே அமைந்து, நொதி வெட்டாமல் காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி ஆகியவற்றுக்கு மும்மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.
2. 'குறைகூறலும் ஆய்வுக்கு வழிவகுக்கும்' – இராமச்சந்திரனின் ஆய்வை முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் உயர் இரத்த அழுத்தம் குறித்து நேர்காணல் நிகழ்த்தி, விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.