பழைய பதிவேடுகள் கற்பிக்கும் பாடம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் வில்லாற்றலும் கொடைத்திறமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அம்மலையில் தினையும் சாமையும் விதைத்து வாழ்ந்த எளிய மக்கள் எத்தனை பேர், எந்த நோயால் இறந்தார்கள் என்பதைப் புலவர்கள் பாடவில்லை. அதைத் தெரிந்துகொள்ள, ஆங்கிலேயர் காலத்தில் ஊர்தோறும் எழுதப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் மழைக் கணக்குகளையுமே நாட வேண்டும். அவை எதைக் காட்டின, எதை மறைத்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பதிவேடுகளின் தொடக்கம்

ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குகளில் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1563ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் விதித்தது. லண்டன் நகரில் வாரந்தோறும் வெளியான மரணப் பட்டியல்களை ஆராய்ந்து, ஜான் கிரான்ட் என்ற வணிகர் 1662இல் ஒரு நூல் எழுதினார். குழந்தைப் பருவத்திலேயே எத்தனை உயிர்கள் மறைகின்றன என்பதை அவர் எண்களால் காட்டினார்.

நம் நாட்டில், 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழுந்தது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் தொடர்ந்து எழுதப்பட்டன. 1864இல் சென்னை மாகாணத்துக்குச் சுகாதார ஆணையம் அமைந்தது. கிராமத்தில் பிறப்பையும் இறப்பையும் எழுதும் வேலை கிராம அதிகாரியின் தலையில் விழுந்தது. வரி வசூலும் ஊர்க்காவலும் பார்த்த அவரே இதையும் பார்த்தார். இறப்புக்கான காரணத்தை வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, மற்றவை என்று சில கட்டங்களுக்குள் அடக்க வேண்டும். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். வீட்டார் சொன்னதே அவருக்கு ஆதாரம்.

தாது வருடப் பஞ்சம்

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிவந்த கொடும்பஞ்சம் வந்தது. நிவாரண வேலை செய்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான விலையும் ஓர் அணாவும் கூலியாகப் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்துவிட்டார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அந்த உணவு போதாது என்று வாதாடினார். முகாம்களில் மக்கள் மெலிந்து மடிவதை எடுத்துக்காட்டினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. கணக்கு எழுதியவர் உயிருக்காக வாதாடியதும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

எனினும் பஞ்ச காலத்தில் பதிவேடுகளே தடுமாறின. வழியோரங்களில் இறந்தவர்களை யார் எழுதுவது? எழுத வேண்டியவரே பசியிலும் நோயிலும் வாடினார். உண்மையை வெளிக்காட்டியது மக்கள்தொகைக் கணக்கு. அன்று கொல்லிமலையையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தனர். 1881இல் இருந்தவர்கள் ஏறத்தாழ 16 லட்சம் பேரே. பத்தாண்டுகளில் 3 லட்சத்து 67 ஆயிரம் பேர் குறைந்துவிட்டனர்! சிலர் பிழைப்புத் தேடி வெளியூர்களுக்கும் கடல் கடந்தும் போயிருப்பார்கள், பிறப்பும் குறைந்திருக்கும். ஆயினும் பலர் எந்த ஏட்டிலும் ஏறாமலே மண்ணில் புதைந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

கொல்லிமலைக் காய்ச்சல்

கொல்லிமலை நெடுங்காலம் மலேரியாவுக்குப் பேர்போனது. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் அங்கே குடியேறி, மலைமக்களுக்கு மருந்தும் கல்வியும் அளித்தார்கள். 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட் பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்து உலகப்புகழ் பெற்றார். தந்தை ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அது மலேரியாவின் கொடிய வடிவம், சிறுநீர் கறுத்துப்போகும்.

தோழியரே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். பிராண்ட் இறந்த நோயின் பெயர் நூல்களில் இருக்கிறது. அதே மலையில் அதே கொசு கடித்து இறந்த ஏழைத் தாயும் சேயும் ஏட்டில் ஏறியிருந்தாலும், அவர்களுக்குக் கிடைத்தது 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்தான். மலேரியாவும் டைபாய்டும் நிமோனியாவும் அந்த ஒரே கட்டத்தில் கலந்துகிடந்தன. ஏறாமலே போனவர்களும் உண்டு. பெயர் வைக்கும் முன் இறந்த பச்சிளங்குழந்தைகளும், பெண் குழந்தைகளும் பதிவில் விடுபடுவது நாடெங்கும் காணப்பட்ட குறை.

மழையும் காய்ச்சலும்

இத்தனை குறை இருந்தும் அந்த ஏடுகள் வீணாகவில்லை. தாலுகா அலுவலகங்களில் புனல் பொருத்திய மழைமானி இருந்தது. அதில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலையில் அளவுக் குவளையில் ஊற்றி, அங்குலக் கணக்கில் எழுதினார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான தடயத்தை 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். பின்னர் 1911இல் கிறிஸ்டபர்ஸ் என்ற மருத்துவர், பஞ்சாபின் பல ஆண்டு இறப்பு ஏடுகளை மழைக் கணக்கோடும் தானிய விலையோடும் ஒப்பிட்டார். மழை மிகுந்து, விலையும் உயர்ந்த ஆண்டுகளில் காய்ச்சல் மரணம் பெருகியது தெரிந்தது. தேங்கிய நீர் கொசுவை வளர்த்தது. பசி உடலின் வலிமையைக் குறைத்தது. பெயர் தெரியாத பல எழுத்தர்கள் நாள்தோறும் எழுதிய எண்களே பிறர் உயிர்காக்கும் அறிவாயின.

முடிவுரை

நம் பாட்டிமார் பலரிடம் பிறந்த நாளைக் கேட்டால், "பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்பார்கள். இன்று 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவுசெய்யலாம். இறந்ததற்கான காரணத்தையும் மருத்துவரிடம் கேட்டுச் சரியாக எழுதச் செய்வது நம் கடமை. வீட்டுப் பெரியோர்களிடம் கேட்டு, மறைந்த சிறு குழந்தைகளின் பெயர்களையும் சேர்த்துக் குடும்பக் குறிப்பேடு ஒன்றை ஒவ்வொருவரும் எழுதலாம். ஏட்டில் விடுபட்ட உயிரும் ஒரு தாய் பெற்ற உயிரே. ஒருவரையும் விடாமல் எண்ணுவது, ஒருவரையும் விடாமல் மதிப்பதன் முதற்படி!