செம்பருந்தை இனங்காணல்

மாணவர்களே, யாழ்ப்பாணம், மன்னார்க் களப்புகளின் மேல் வட்டமிடும் பறவைகள் யாவற்றையும் "பருந்து" என எழுதினால் புள்ளி கிடைக்காது. இங்கு செம்பருந்து, கரும்பருந்து ஆகிய இரண்டையும் காணலாம்.

செம்பருந்தின் இருசொற்பெயர் ஹலியஸ்தூர் இந்துஸ் ஆகும். இதனைக் கருடன் எனவும் அழைப்பர். முதிர்ந்த பறவையின் தலையும் மார்பும் வெண்ணிறமானவை. ஏனைய உடல் செங்கபிலம். இறக்கை நுனிகள் கருமை. இதில் மயக்கம் ஏற்படாது. இடர்ப்பாடு இளம் பறவையில்தான். அது கபில நிறமாக இருப்பதால் கரும்பருந்தைப் போலவே தோன்றும். அப்போது நிறத்தை விட்டு வாலை அவதானியுங்கள். செம்பருந்தின் வால்முனை வட்டமானது. கரும்பருந்தின் வால் நடுவே பிளவுபட்டது. ஆனால் கரும்பருந்து வாலை முழுதாக விரிக்கும்போது இப்பிளவு மறைந்துவிடும். எனவே அது திரும்பும்வரை சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

கொளுக்கி வடிவச் சொண்டும் கூரிய உகிர்களும் ஊனுண்ணலுக்கான இசைவாக்கங்களாகும். எனினும் செம்பருந்து எப்போதும் வேட்டையாடுவதில்லை. மீன் இறங்குதுறைகளில் கழிவு மீன்களைப் பொறுக்கும். நண்டு, தவளை பிடிக்கும். பிற பறவைகளின் இரையையும் பறிக்கும். ஆகவே விடையில் "இரைகௌவும் பறவை" என்பதுடன் நிறுத்தாது, இறந்தவற்றை உண்ணும் இயல்பையும் எழுதுக. மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டி, பொதுவாக 2 முட்டைகள் இடும்.

பயிற்சி வினா: இறங்குதுறையில் மீன் கழிவைக் கவ்விச் செல்லும் பறவையொன்றின் உடல் முழுவதும் கபிலம், வால்முனை வட்டம். அதன் இனத்தையும் பருவத்தையும் காரணத்துடன் கூறுக.

விடை: செம்பருந்து, ஏனெனில் வால்முனை வட்டமானது. இளம் பறவை, ஏனெனில் தலையும் மார்பும் இன்னும் வெண்ணிறமாகவில்லை.