ஏழாம் நாள் யாருடையது?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, ஜனங்களெல்லாம் கலைந்தபின் கோவிலைச் சாத்த வந்தபோது, கடைசி வாங்கில் ஒரு பெண்பிள்ளை சுவரோரமாய்ச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயமே. அன்று ஏனோ வரவில்லை. அவளுடைய தாயார் தேடி வந்து தோளைத் தட்ட, அவள் பதறி எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "மன்னிச்சிடுங்க சாமி. இங்கே இருந்தாத்தான் என்னை யாரும் கூப்பிடமாட்டாங்க" என்றாள்.

அந்தச் சொல் இன்னும் என்னை விட்டு அகலவில்லை. தாயும் மகளும் இசைந்ததன் பேரில், பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு வயது 23. ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் கம்பெனிப் பேருந்து. வீடு திரும்பும்போது விளக்கு வைத்து வெகுநேரமாகியிருக்கும். வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாம் நாளில் துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அம்மாவுக்குத் துணையாய்ப் போவது. அவள் எதற்கும் முறுமுறுக்கிறவள் அல்ல. அதனால்தான் எல்லாம் அவள் தலையில் வந்து விழுகிறது.

நம் திருத்தணியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாத வீடு எத்தனை? ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பேருந்தில் போகிறவர்கள் ஒரு பக்கம். புறநகர் ரயிலில் அரக்கோணம் வழியாய்ச் சென்னைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மற்றொரு பக்கம். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்தால், ஆறு நாளில் 24 மணி நேரம் ஆகிறது. அதாவது, வாரத்தில் ஒரு முழு நாளை இந்தப் பிள்ளைகள் ரயில் பெட்டியிலேயே கழிக்கிறார்கள். அதிலும் பாதி நேரம் நின்றபடி. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்துத் தறிக்கார வீடுகளில் நிலைமை வேறு விதம். அங்கே கூலி, நெய்த அளவுக்கு. தறி நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆகையால் ஓய்வு நாளைக் குறிக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

களைப்பு வேறு, நான் சொல்லவந்த காரியம் வேறு. களைத்தவன் ஒரு இரவு நன்றாய்த் தூங்கினால் எழுந்துவிடுவான். ஆனால் அகல் விளக்கில் எண்ணெய் வற்றியபின்பும் திரி கொஞ்ச நேரம் எரியுமன்றோ? அப்போது எரிவது எண்ணெயல்ல, திரியேதான். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்த பிராய்டன்பர்கர் என்னும் மனநல நிபுணர், 1974இல் இந்த நிலையைப் பற்றி எழுதி அதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயரிட்டார். அவர் கண்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். அந்த நிலையத்தில் இரவு பகலாய் உழைத்த, மிகுந்த ஆர்வமுள்ள இளம் தொண்டர்களே முதலில் விழுந்தார்கள், அவரும் விழுந்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதை வேலையிலிருந்து வருகிற நிலை என்று வரையறுத்து, மூன்று அடையாளங்களைச் சொல்லியது: சக்தி முழுதும் வற்றிப்போதல், செய்யும் வேலையின்மீது கசப்பும் ஒட்டாத மனமும், 'என்னால் எதையும் ஒழுங்காய்ச் செய்ய முடிவதில்லை' என்ற எண்ணம். பெற்றோரே, இந்த இரண்டாவதை நாம் 'திமிர்' என்றும், மூன்றாவதை 'அக்கறையின்மை' என்றும் சொல்லி வைதுவிடுகிறோம். கவனியுங்கள்.

2024 ஜூலையில் புனே நகரில், ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதமே ஆன 26 வயதுக் கேரளப் பெண் இறந்துபோனாள். செப்டம்பரில், அவளுடைய தாயார் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. மகள் வேலை முடிந்து வந்து உடைகூட மாற்றாமல் படுக்கையில் விழுந்துவிடுவாள் என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். மரணத்துக்கு வேலைதான் காரணமா என்று தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. ஆனால் உடை மாற்றாமல் படுக்கையில் விழுகிற பிள்ளையை நம் வீட்டிலும் பார்த்திருக்கிறோம்.

இனி, ஓய்வு நாள் என்பது வானத்திலிருந்து சும்மா விழுந்ததல்ல என்பதையும் நம் பிள்ளைகள் அறியவேண்டும். 1918இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைத்தபோது அவர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. கஞ்சி குடிக்கச் சில நிமிஷம்! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, வார விடுமுறையையும் இடைவேளையையும் உறுதிசெய்தது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வர 2021 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், வேலை நேரத்தை ஒரு நாளுக்கு 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. வாரக் கணக்கு அதே 48தான், நாலு நாளில் முடித்துக்கொண்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று நியாயம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன; மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டது. காகிதத்தில் அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது. பன்னிரண்டு மணி வேலையோடு நாலு மணி பிரயாணத்தையும் சேர்த்துக் கூட்டினால் மீதி எட்டு. அதில் தூங்கவேண்டும், குளிக்கவேண்டும், உண்ணவேண்டும். திருத்தணிக்காரனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

முதலாளியைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. இப்போது வீட்டுக்குள் வருவோம்.

மோயீசன் வழியாய்த் தரப்பட்ட கற்பனைகளில் ஓய்வு நாளைக் குறித்த கற்பனையை யாத்திராகமத்தில் எடுத்து நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அது வீட்டுத் தலைவனை நோக்கிச் சொல்லப்படுகிறது. அன்று வேலை செய்யலாகாது என்று யார் யாரைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது? முதலில் நீ; அடுத்து உன் மகன், உன் மகள்; அதற்குப் பிறகுதான் வேலைக்காரனும் வேலைக்காரியும் கால்நடையும் அந்நியனும். ஞானோபதேசத்தில் இதை எத்தனையோ வருஷம் கற்பித்திருக்கிறேன்; மகனையும் மகளையும் முதலில் வைத்திருப்பதை நானே இப்போதுதான் ஊன்றிக் கவனித்தேன். ஆலைக்காரன் ஆறு நாளை எடுத்துக்கொண்டு ஏழாம் நாளை விட்டுக்கொடுக்கிறான். அந்த ஏழாம் நாளை நாம், அன்பின் பெயரால், எடுத்துக்கொள்கிறோம்.

"கடன் இருக்கிறதே சாமி, தங்கையின் கலியாணம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. அதற்காகப் பிள்ளை சம்பாதிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அவனை அவன் போக்கில் விட்டால் கடன் ஏறிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

தனக்கென்று நேரம் ஒதுக்குவது சுயநலம் என்று நினைக்கிற நல்ல பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக அர்ச். பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றிச் சொல்லுகிறேன். 1542இல் கோவாவில் வந்திறங்கி, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 36. ஊர் ஊராய் ஞானஸ்நானம் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதாக, 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதினார். அதே ஆண்டில் குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வடுகப் படைக்கு அஞ்சிக் கடலோரப் பாறைகளில் ஒளிந்து பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு உதவச் சவேரியார் படகுகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். மன்னாரில் கிறிஸ்தவர்கள் யாழ்ப்பாண மன்னனால் கொல்லப்பட்டார்கள். அந்தக் காரியத்தில் அவர் எதிர்பார்த்திருந்த யாழ்ப்பாணப் படையெடுப்பும் 1545இல் கைகூடவில்லை. (அந்தப் படையெடுப்பை நாம் புகழவேண்டியதில்லை; நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.) மூன்று வருஷ உழைப்பின் முடிவில், அடுத்து எங்கே போவது, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது அவர் மயிலாப்பூருக்கு வந்தார். அர்ச். தோமையார் கல்லறையருகே இருந்த பங்குகுருவின் வீட்டில் ஏறக்குறைய நாலு மாதம் தங்கினார். சும்மா இருந்தார் என்று சொல்லமாட்டேன். பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிரசங்கித்தார். ஆனால் இரவுகளில் எழுந்து கல்லறைக்குப் போய்த் தனிமையில் இருந்தார். கடற்கரை ஊர்களில் அவருக்காகக் காத்திருந்த ஜனங்கள் குறைவா? அந்த நாலு மாதத்தில் எத்தனை ஊர்களுக்குப் போயிருக்கலாம்! போகவில்லை. 'நான் என்ன செய்யவேண்டும்' என்ற ஒரு கேள்வியோடு சாந்தோமில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டே மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. இந்த வேலையிலேயே இருப்பதா, மேற்கொண்டு படிப்பதா, யாரைக் கலியாணம் செய்வது, அல்லது குருவாகவோ கன்னியராகவோ போவதா? இருபதிலிருந்து முப்பதுக்குள் இவை எல்லாவற்றையும் அவர்கள் தீர்மானிக்கவேண்டும். எப்போது யோசிப்பார்கள்? பேருந்தில் தூங்கும்போதா?

எனக்கு இதைக் கற்பித்தவர் ஒரு வயோதிகக் குருவானவர். அபிஷேகமான முதல் ஆண்டில் நான் உதவிக் குருவாய் இருந்தேன். ஏழு கிளைக் கிராமங்கள், ஒரு மோட்டார் சைக்கிள். ஆறு மாதத்தில், நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் கூப்பிட வந்தவன்மேல் எரிந்து விழுந்தேன். அன்று மாலை பெரியவர் ஒன்றும் பேசாமல் வண்டிச் சாவியை வாங்கி, தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதுமுதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாவி அவரிடம். முதல் இரண்டு திங்களும் அறையில் கூண்டுப் புலியைப்போல் நடந்தேன். மூன்றாம் திங்கள் பத்து மணி நேரம் தூங்கினேன். நாலாம் திங்கள்தான் ஏரிக்கரைக்கு நடந்து போனேன்.

இளைஞரே, இதனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஓய்வு முதல் நாளிலேயே கைவராது. படுத்தபடி கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இரண்டு மணி நேரம் போனால், அது கண்ணுக்கும் மூளைக்கும் இன்னொரு ஷிப்ட். தூக்கம் குறைவாயிருந்தால் முதலில் தூங்குங்கள், அது வெட்கமல்ல. பிறகு, கூலியும் மதிப்பெண்ணும் இல்லாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். கேரம் ஆடுங்கள், பழைய சிநேகிதனைப் போய்ப் பாருங்கள், விட்டுப்போன சித்திரம் வரைதலைத் திரும்ப எடுங்கள். நேரத்தை முன்னதாகவே வீட்டில் சொல்லிவிடுங்கள். 'ஞாயிறு மூன்றிலிருந்து ஆறு வரை நான் இல்லை' என்று. சண்டையாய்ச் சொல்லவேண்டாம், சாப்பிடும்போது சொல்லுங்கள்.

அந்த நேரம் அடிக்கடி கெட்டுப்போகும். அப்போஸ்தலர்களுக்கும் கெட்டது. சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்தவர்களை நமதாண்டவர் படகில் ஏற்றித் தனிமையான இடத்துக்கு அழைத்துப் போனார். ஜனங்கள் கரைவழியே ஓடி முந்திக்கொண்டார்கள். ஆண்டவர் அவர்களை விரட்டவில்லை, போதித்தார், போஷித்தார். ஆனால் அன்று சாயங்காலமே சீஷர்களைப் படகேற்றிவிட்டு, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, தாம் தனியே மலைமேல் ஏறினார். காலையில் போனதை மாலையில் எடுத்துக்கொண்டார். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வாசியுங்கள்.

இந்தக் காரியத்தில் நானும் குற்றவாளி. பாடற்குழுவுக்கு யார், குடில் கட்ட யார், தேர் ஜோடிக்க யார், சிறுவர் மறைக்கல்விக்கு யார் என்றால், அதே ஐந்தாறு பெயர்களைத்தான் கூப்பிடுகிறேன். ஆறு நாள் உழைத்தவர்களை ஏழாம் நாளில் காலை முதல் மாலை வரை பிடித்துவைத்திருக்கிறேன். வருகிற மாதம் முதல், எவரும் ஒரே சமயத்தில் இரண்டு பொறுப்புக்கு மேல் ஏற்கலாகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை கண்டதும் அவர்கள் நேரே வீட்டுக்குப் போகலாம். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களே, நாற்காலி தூக்க உங்களைக் கூப்பிடுவேன்.

ஒன்றை மட்டும் தனியே சொல்லவேண்டும. வாரக்கணக்காய்த் தூக்கம் வராமலோ, தூங்கியும் தெளியாமலோ, சாப்பாடு கசந்து, 'செத்தால் தேவலை' என்ற பேச்சு வந்தால், அதை ஓய்வினால் மட்டும் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஜெபமாலை சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பும் குருவும் நானல்ல. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனாஸ் என்னும் அரசாங்க மனநல உதவி 2022 முதல் இருக்கிறது. தமிழில் பேசலாம், காசு இல்லை. இரவானாலும் என் கதவையும் தட்டலாம்.

கடைசியாய் ஓர் அறிவிப்பு. பின்வரிசைக்கு மேலே ஓடாமலிருந்த மின்விசிறி பழுதுபார்க்கப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசைக்குப் பின் மத்தியானம் ஒரு மணி வரை கோவில் திறந்திருக்கும். அங்கே தூங்குகிறவர்களை எழுப்பவேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். தாய்மார்களுக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.