அறுபது அடி

குளத்துல தட்டைக் கல்லை வீசினா நாலு தடவை தத்திட்டுத்தான் மூழ்கும். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பிரிட்டிஷ் இன்ஜினியர் இதே ஐடியாவுல 4 டன் குண்டு ஒன்றை டிசைன் பண்ணார், ஜெர்மனியின் மோனே அணையை உடைக்க. அணைக்கு முன்னாடி தண்ணிக்குள்ள டார்பிடோ தடுப்பு வலை இருந்தது. குண்டு அதைத் தாண்டிக் குதிக்கணும். நிமிஷத்துக்கு 500 சுற்று, பின்பக்கமா சுழல விட்டுப் போட்டா, தத்திப் போய் சுவரில் மோதி, சுவரை ஒட்டியே கீழே இறங்கும். 30 அடி ஆழத்துல நீர் அழுத்தம் அதை வெடிக்க வைக்கும்.

கணக்கு சரியா வர உயரம் 60 அடி, வேகம் மணிக்கு சுமார் 370 கி.மீ. இருக்கணும். நம்ம லேப் ரெக்கார்டுல "வேகம் மாறிலி எனக் கொள்க"னு ஒரே வரியில முடிச்சிடுவோம். இங்கே அதை ஒருத்தர் ஓட்டிக் காட்டணும்.

அவ்வளவு தாழ்வா பறக்கும்போது ஆல்டிமீட்டரை நம்ப முடியாது. அதனால விமானத்தின் அடியில் ரெண்டு விளக்கு மாட்டினாங்க. தண்ணியில ரெண்டு ஒளிவட்டமும் ஒட்டிக்கிட்டா 60 அடி. சிம்பிளான, அழகான சொல்யூஷன். ஆனா நடு ராத்திரியில லைட்டைப் போட்டுக்கிட்டு, வளையாம நெளியாம, பீரங்கிகளை நோக்கிப் போகணும்!

1943 மே 16 இரவு 617வது படைப்பிரிவின் 19 லங்காஸ்டர்கள் கிளம்பின. மொத்தம் 133 பேர். தலைவர் கை கிப்சனுக்கு வயசு 24. அவர் போட்ட முதல் குண்டு அணையை உடைக்கலை. அடுத்து ஜான் ஹாப்குட், வயசு 21. எங்க பேட்ச் வயசு. வர்ற வழியிலேயே அவர் விமானம் அடி வாங்கியிருந்தது. அணை கிட்ட மறுபடியும் குண்டடி பட்டுத் தீப்பிடிச்சது. அவர் குண்டு சுவரைத் தாண்டிப் போய் பின்னால இருந்த மின்நிலையத்தில் விழுந்தது. எரியுற விமானத்தை அவர் மேலே தூக்கினார், கூட இருந்தவங்க பாராசூட்ல குதிக்க உயரம் வேணுமே. ரெண்டு பேர் பிழைச்சாங்க. ஹாப்குட் பிழைக்கலை.

மூணாவதா மார்ட்டின் போனப்போ கிப்சன் கிட்ட போட குண்டே இல்லை. இருந்தும் பக்கத்திலேயே பறந்து பீரங்கிகளைத் தன் பக்கம் திருப்பினார். ஐந்தாவது குண்டுக்கு அப்புறம் அணை உடைஞ்சது. அதே இரவு எடர் அணையும்.

8 விமானங்கள் திரும்பலை. 53 பேர் செத்தாங்க, 3 பேர் பிடிபட்டாங்க. கீழே வெள்ளத்துல 1,300 பேருக்கு மேல் இறந்தாங்க. அதில் பலர் ஜெர்மனி கட்டாய வேலைக்குக் கொண்டு வந்த வெளிநாட்டுக்காரங்க. வீரம்னு எழுதும்போது இதை நான் விட்டுட முடியாது.

குண்டு கணக்குப்படியே வேலை செஞ்சது. திரும்பி வராதவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சப்போ வாலிஸ் நொறுங்கிப் போனார்.