ஜப்பானிய மரப்பலகை அச்சோவியங்களில் மனித முகம்

அகத்தின் நிலையைப் புறத்தே புலப்படுத்தும் உறுப்புகளுள் முகமே தலையாயது. அம்முகத்தை உள்ளவாறே தீட்டுதல் வேண்டுமா, காண்போர் விரும்புமாறு தீட்டுதல் வேண்டுமா என்னும் வினா, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கூர்மை பெற்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படைப்பு முறை

'உகியோ-எ' எனப்படும் இவ்வச்சோவியம் தனியொருவர் படைப்பன்று. ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார். அச்சிடுவோர் வண்ணத்திற்கொரு பலகையாகத் தாளில் ஒற்றியெடுப்பார். பதிப்பாளர் முதலிட்டு விற்பார். ஒளிநிழல் வேறுபாடின்றிச் சில கோடுகளாலேயே முகம் உருப்பெறும். ஆதலின் ஒரு கோடு சிறிது வளையினும் முகமே மாறிவிடும்.

உதமாரோவின் மகளிர்

1790களின் தொடக்கத்தில் கிதகாவா உதமாரோ, 'ஓகுபி-எ' என்னும் பெருமுக ஓவியங்களில் மகளிரை வரைந்தார். 1793ஐ ஒட்டி வெளிவந்த 'இக்காலத்து மூன்று அழகியர்' என்னும் படத்தில் மூவரும் முதற்பார்வைக்கு ஒரே முகத்தினராகவே தோன்றுவர். கூர்ந்து நோக்கின், மூக்கின் வளைவிலும் கண்ணின் அமைப்பிலும் நுண்ணிய வேறுபாடு புலப்படும். அழகின் மரபு கெடாமல் தனித்தன்மையைக் காட்டிய திறம் இது.

ஷராகுவின் நடிகர்கள்

தோஷுசாய் ஷராகுவோ அம்மரபை மீறினார். 1794இல் சுதாயா ஜூசாபுரோ பதிப்பித்த அவருடைய முதல் 28 படங்கள், மின்னும் கரிய அப்பிரகப் பின்னணியில் கபுக்கி நடிகர்களைக் காட்டுவன. எடோபே என்னும் தீயோன் வேடத்தில் மூன்றாம் ஓதானி ஓனிஜியைக் காண்க: முன்னே நீண்ட முகம், நெருங்கிய சிறு கருவிழிகள், இறுகிய வாய், மார்பருகே விரிந்த விரல்கள். கபுக்கியில் பெண்வேடம் புனைவோரும் ஆடவரே. பிறர் மென்மையாக்கி மறைத்த ஆண்மைச் சாயலை ஷராகு மறைக்கவில்லை. வேடமும் வேடம் புனைந்தவனும் ஒரே முகத்தில் தோன்றுகின்றனர்.

அளவு கடந்து மெய்யை வரைய முற்பட்டமையால் அவர் நெடிது நிலைக்கவில்லை என்பது அக்கால எழுத்தாளர் ஓதா நம்போவின் குறிப்பினால் பெறப்படும் கருத்தாகும். ஏறத்தாழப் பத்துத் திங்களில் 140க்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டு, 1795இன் தொடக்கத்தில் ஷராகு மறைந்துபோனார். அவர் சைதோ ஜூரோபே என்னும் நோ நாடக நடிகர் எனப் பலர் கருதுவர். 1910இல் ஜெர்மானிய அறிஞர் யூலியுஸ் குர்த் எழுதிய நூலுக்குப் பின்னரே அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

முடிவுரை

உதமாரோ காண்போர் விருப்பத்தினுள் நின்று உண்மையை உணர்த்தினார். ஷராகு விருப்பத்தைப் பொருட்படுத்தாது உண்மையை உரைத்தார். முன்னவரை அவர் காலமே போற்றியது. பின்னவர் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. கலை பயிலும் மாணவர் இவ்விரு நெறிகளின் பயனையும் விலையையும் அறிந்து தெளிதல் நன்று.